மானியம் யார் பெயருக்கு வருகிறது?

காரணை ஈகியர் நினைவுச் சொற்பொழிவு



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் நின்றவர்கள் அவர்கள். அந்த இருவரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். நினைவுக் கூட்டம் என்பது மாலை போட்டுவிட்டுக் கலைவதற்கான கூட்டம் அல்ல. அவர்கள் கேட்ட கேள்வி இன்று எந்த இடத்தில், எந்த உருவத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அந்தக் கேள்வி இன்று வங்கிக் கணக்குக்கு வரும் 2,000 ரூபாய்க்குள்ளும் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆகவே இன்றைய பேச்சு விவசாய மானியத்தைப் பற்றியது.

முதலில் 'மானியம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் உர மானியம், டிராக்டர் மானியம் என்று பணம்தான் நினைவுக்கு வருகிறது. நம் தாத்தாக்கள் காலத்தில் மானியம் என்றால் நிலம். வரி இல்லாமல், அல்லது குறைந்த வரியில், அரசனோ ஜமீனோ சர்க்காரோ விட்டுக்கொடுத்த நிலம். கோயிலுக்கு மானியம் இருந்தது. பிராமணர்களுக்கு மானியம் இருந்தது. கர்ணத்துக்கும் மணியக்காரருக்கும் இருந்தது. சேரிக்கும் ஒரு மானியம் இருந்தது. அதன் பெயர் வெட்டியான் மானியம். பிணம் எரிக்க வேண்டும், சாவுச் செய்தி சொல்லப் போக வேண்டும், வாய்க்கால் மடை பார்க்க வேண்டும், தண்டோரா போட வேண்டும். அத்தனையும் செய்தால் ஒரு துண்டு நிலம். வேலையை விட்டால் நிலமும் போய்விடும்.

இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் கோயில் மானியம் பெற்றவனுக்கு அது கௌரவம். வெட்டியான் மானியம் பெற்றவனுக்கு அது கட்டிப்போடும் கயிறு. 1963-இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன; கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதவி மாறியது, ஏடு மாறியது. ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் சர்க்கார் கொடுக்கும் என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. நம் பேச்சு இந்த ஏட்டைப் பற்றியதுதான்.

இப்போது கொல்லிமலைக்கு ஏறுவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வாழும் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடி மக்கள். மலை 'நாடு' என்ற பெயரில் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று நீளும் வரிசையில் பெரக்கரை நாடும் ஒன்று. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைக் கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ஆடிப் பெருக்கையொட்டி அரசே ஓரிக்கு விழா எடுக்கிறது. வள்ளலைக் கொண்டாட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வள்ளலிடம் கேட்பவன் இரவலன். அரசிடம் கேட்பவர் குடிமக்கள். அரசு தன் திட்டங்களை வள்ளல் கொடுப்பதுபோல் அறிவிக்கும்போது, வாங்குகிறவரும் இரவலராகத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த மனநிலையை முதலில் கழற்ற வேண்டும்.

பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதி 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, தவணைக்கு 2,000. முதலில் 5 ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்கு என்றார்கள். 2019 ஜூனிலிருந்து நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரித்தார்கள். அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் விலக்கு. 2019 பிப்ரவரி 1 அன்று நில ஆவணத்தில் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பின் வாங்கியவருக்குக் கிடையாது, வாரிசாகப் பெற்றவருக்கு உண்டு. குத்தகைக்கு உழுகிறவருக்குக் கிடையாது. வாரத்துக்கு உழுகிறவருக்குக் கிடையாது. நாற்று நடுகிற, களை பறிக்கிற, அறுக்கிற கூலிக்காரருக்குக் கிடையாது. திட்டத்தின் பெயரில் 'விவசாயி' இருக்கிறார்; தகுதியில் பட்டாதாரர் மட்டும் இருக்கிறார்.

பெரக்கரை நாடு போன்ற ஒரு மலை ஊரில் சாமையும் மரவள்ளியும் போடுகிற ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். விதை எடுத்து வைப்பவள் அவள். களை வெட்டுபவள் அவள். சாமையைக் குத்தி அரிசியாக்குபவளும் அவள்தான். நிலம் மாமனார் பெயரில் இருக்கும். அல்லது மாமனாரின் அப்பா பெயரில், நான்கு பங்காளிகள் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். உட்பிரிவு செய்ய வேண்டும் என்றால் சர்வேயர் வர வேண்டும். வாரிசுச் சான்றுக்கும் இறப்புச் சான்றுக்கும் அலைய வேண்டும். கீழே இறங்கி ஏறும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். எல்லாம் சரியானால் பணம் கணவன் கணக்குக்கு வரும். கணவன் திருப்பூரிலோ கேரளத்திலோ வேலைக்குப் போயிருந்தால் அங்கே வரும். மலையில் மண்வெட்டி பிடித்தவள் 'விவசாயி' ஆகவில்லை.

சட்டமும் அவளுக்கு நீண்ட காலம் உதவவில்லை. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தன் 2(2) பிரிவில் பழங்குடியினரை விலக்கி வைத்தது. சமவெளிப் பெண்ணுக்குக் கிடைத்த மகள் பங்கு மலைப் பெண்ணுக்குச் சட்டப்படி வந்து சேரவில்லை. இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது, பட்டாவில் பெயர் ஏறுவது நம் கையிலும் இருக்கிறது.

வன நிலத்தை உழுகிறவர்களின் கதை இன்னொன்று. 2006-இன் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. உரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் நாட்டு நிலச் சட்டங்களில் இது அரிய பிரிவு. ஆனால் தமிழ்நாட்டில் 2008-இல் வந்த ஒரு நீதிமன்ற இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மலை நிலத்துக்கு அந்த அட்டவணை தரும் காவலும் இல்லை. வந்த சட்டமும் தாமதம். உரிமைப் பத்திரம் இல்லாதவருக்குக் கௌரவ நிதியும் இல்லை, கூட்டுறவுக் கடனும் இல்லை, பயிர்க் காப்பீடும் எட்டாது. ஒரு காகிதம் இல்லாததால் எல்லாக் கதவும் மூடிக்கொள்கிறது.

இப்போது மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் வருவோம். 2020-இல் தமிழ்நாட்டில் இந்தக் கௌரவ நிதியில் பெரிய மோசடி வெளிப்பட்டது. தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் பெயரில் 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கொரோனா காலத்தில் நேரடிச் சரிபார்ப்பு தளர்ந்திருந்தது. அதிகாரிகளுக்கு மட்டும் உரிய கடவுச்சொற்கள் இடைத்தரகர்கள் கைக்குப் போயின. ஊர் ஊராக ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் வாங்கினார்கள். கொரோனா நிவாரணம் என்று சொல்லி வாங்கினார்கள் என்று பல ஊர் மக்கள் சொன்னது அன்றைய செய்திகளில் வந்தது.

பிறகு வசூல் தொடங்கியது. பணம் யார் கணக்கில் விழுந்ததோ அவர் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்தார்கள். நிலமில்லாத கூலிக்காரர் 'போலி விவசாயி' ஆனார். செய்திகளில் அந்தச் சொல் தலைப்பாக வந்தது. தரகர் செய்த திருட்டை நாம் நியாயப்படுத்தவில்லை. மக்கள் பணம் திரும்ப வரத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். வருடம் முழுவதும் பிறர் வயலில் குனிந்து நிற்பவரைப் 'போலி விவசாயி' என்று எந்த அளவுகோலால் சொன்னோம்? நகரத்தில் குடியிருந்துகொண்டு, வயலை ஆண்டுக்கொரு முறை பார்க்கிற பட்டாதாரர் அந்தப் பட்டியலில் அசல் விவசாயி. அவர் வயலை உழுதவர் போலி. இந்தத் தலைகீழ்க் கணக்கை அந்த மோசடி வெளிச்சம் போட்டுக் காட்டியது. நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை.

நில ஏடு யார் கையில் என்பதற்கு எண்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. இந்திய அளவில் 16.6 விழுக்காடு. வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. வேளாண்மையில் இருக்கும் பட்டியல் சாதியினரில் பத்துக்கு ஏழு பேர் கூலிகள். அப்படியானால் நிலத்தின் பெயரால் கொடுக்கும் எந்தப் பணமும், அறிவிக்கும்போதே, சாதிக் கணக்கில் பங்கு பிரிந்துவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தில் சாதி என்று ஒரு கட்டம் இருக்கத் தேவையே இல்லை. 'சர்வே எண்' என்ற கட்டம் போதும்.

பஞ்சமி நிலம் இந்த இடத்தில்தான் நினைவுக்கு வர வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர் 1891-இல் அறிக்கை எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று. கைமாறிய பஞ்சமி நிலத்தின் பெயரிலும் கௌரவ நிதி போகலாம். பயிர்க்கடன் போகலாம், தள்ளுபடியும் போகலாம். நிலத்தை ஒரு முறை இழந்தோம். அந்த நிலத்தின் பெயரால் வரும் ஒவ்வொரு திட்டத்தையும் ஆண்டுதோறும் மீண்டும் இழந்துகொண்டிருக்கிறோம்.

பிற மானியங்களும் இதே பாதையில்தான் போகின்றன. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம். ஆனால் கிணறு இருந்தால்தான் மோட்டார், மோட்டார் இருந்தால்தான் மானியம். கொல்லிமலையில் மழையை நம்பிச் சாமை விதைக்கிறவருக்கு இந்த மானியத்தில் பங்கு இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுக்கச் சிட்டாவும் அடங்கலும் கேட்கும். அவை இல்லாத வாரதாரர் கந்துவட்டிக்கு வாங்கியிருப்பார். கந்துவட்டிக்குத் தள்ளுபடி கிடையாது. வேளாண் கருவிகளுக்குப் பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு விவசாயிகளுக்குக் கூடுதலாக 20 விழுக்காடு மானியம் என்று மாநில வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் மீதித் தொகையைக் கையில் வைத்திருப்பவரும் சிட்டா வைத்திருப்பவரும்தான் அந்த வரிசையில் நிற்க முடியும்.

இதற்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. இருந்தும் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2007-இல் வந்த தேசிய விவசாயிகள் கொள்கை, 'விவசாயி' என்ற சொல்லுக்குள் கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் வாரதாரரையும் இடம்பெயர்ந்து உழும் பழங்குடிக் குடும்பத்தையும் வனப்பொருள் சேகரிப்பவரையும் சேர்த்தது. தமிழ்நாட்டின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு நிலமற்ற வேளாண் கூலிகளும் உறுப்பினர்கள். நம் மாநில அரசே கூலிக்காரரை 'உழவர்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறது. ஆந்திரத்தில் 2019-இல் வந்த ரைத்து பரோசா திட்டம் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த குத்தகைதாரரையும் வன நிலம் உழுபவரையும் சேர்த்தது. ஒடிசாவின் காலியா திட்டம் வாரதாரருக்கும் நிலமற்ற குடும்பங்களுக்கும் உதவி என்று அறிவித்தது. தெலங்கானாவில் ஏக்கர் கணக்கில் பணம் கொடுத்த ரைத்து பந்து, அதிக நிலம் உள்ளவருக்கு அதிகம் கொடுத்தது, குத்தகைதாரரைக் கைவிட்டது. அங்கே எழுந்த விமர்சனத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவும் கௌரவ நிதியை 12,000 ஆக உயர்த்தி, குத்தகைதாரருக்கும் கூலிகளுக்கும் விரிக்கச் சொன்னது. ஆக, முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை.

அமெரிக்காவின் கறுப்பின விவசாயிகளின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். 1920-இல் அங்கே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1990-களின் முடிவில் இருபதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். அரசு விவசாயக் கடனும் மானியமும் மாவட்டம் போன்ற 'கவுண்டி'களில் இருந்த குழுக்கள் வழியே வந்தன; குழுக்களில் வெள்ளையரே நிறைந்திருந்தார்கள். கறுப்பின விவசாயியின் விண்ணப்பம் விதைப்புக் காலம் முடிந்த பிறகு நிறைவேறும், அல்லது நிறைவேறாது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1997-இல் வட கரோலினாவின் திமோத்தி பிக்ஃபோர்டும் தோழர்களும் வழக்குப் போட்டார்கள். 1999-இல் உடன்படிக்கை வந்தது. சாதாரணமாக ஒருவருக்கு 50,000 டாலர். ஆனால் பணம் கேட்பவர், தன்னைப் போன்ற நிலையில் இருந்த ஒரு வெள்ளை விவசாயிக்குக் கிடைத்தது தனக்கு மறுக்கப்பட்டது என்று காட்ட வேண்டியிருந்தது. பலரிடம் காகிதம் இல்லை. உண்மை இருந்தது, ஆவணம் இல்லை. தோற்றவர்களில் பலர் அதனால்தான் தோற்றார்கள்.

அந்தப் பாடத்தைத்தான் இங்கே கூடியிருக்கும் மாணவர்களிடம் கையில் கொடுக்க விரும்புகிறோம். 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்களை வயல்களுக்கு அனுப்பினார்கள். 2025-இல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதிவு தமிழ்நாட்டில் தொடங்கியது. இனி திட்டங்கள் அந்த எண்ணை ஒட்டியே வரப்போகின்றன. எண்ணோ நில ஆவணத்தை ஒட்டி வருகிறது. கர்ணத்தின் ஓலையிலிருந்து கணினிக்கு ஏடு மாறும் இந்த நேரத்தில் விடுபட்ட பெயர்கள் ஏறாவிட்டால், அடுத்த தலைமுறைக்கும் ஏறாது. பழைய ஏட்டின் அநீதியைப் புதிய இயந்திரம் அப்படியே படியெடுத்துக்கொள்ளும். அதன் மேல் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரையும் குத்திவிடும்.

செய்ய வேண்டிய வேலைகள் இவை.

ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் யார் நிலத்தை யார் உழுகிறார் என்று நாமே கணக்கெடுக்க வேண்டும். அடங்கல் என்பது எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று பசலிதோறும் எழுதப்படும் கணக்கு. அதையும் நேரில் காண்பதையும் ஒப்பிட்டு எழுதுங்கள். 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இன்றும் இருக்கிறது. குத்தகைதாரர் பெயரைப் பதியச் சொல்லி மனுக் கொடுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு. மலையில் வன உரிமை மனுக்களைக் கிராம சபை வழியே போட வேண்டும். தள்ளுபடியானால் காரணத்தோடு ஆணை கேட்டு மேல்முறையீடு செய்ய வேண்டும். கூட்டுப் பட்டாக்களில் வாரிசுப் பெயர் ஏற்றும்போது மகள்களின் பெயரையும் மனைவியின் பெயரையும் விடாமல் ஏற்ற வேண்டும். இதில் நம் சொந்த வீடுகளில் எழும் எதிர்ப்பையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்று. பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். பஞ்சமி நிலத்தின் புல எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த எண்களின் பெயரில் எந்தத் திட்டப் பணம் போகிறது என்று கேளுங்கள். நில மீட்பு வழக்கு நடக்கும் வரை அந்தப் பணத்தையாவது நிறுத்தச் சொல்ல முடியும்.

நான்கு. அரசியல் கோரிக்கை. உழைக்கும் கையை வைத்து விவசாயியை வரையறுக்க வேண்டும். 2007 கொள்கையின் வரையறையைத் திட்டங்களின் தகுதி விதியாக்க வேண்டும். தனித்துவ எண் கூலிக்கும் குத்தகைக்கும் வழங்கப்பட வேண்டும். மாநில அரசு தன் உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்தே நிலமற்றோருக்கான நேரடி உதவியைத் தொடங்கலாம். புதிய ஏடு தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 6,000 ரூபாய் என்பது மாதம் 500, நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். 2019-இல் வைத்த தொகை அது. இந்தப் பணத்துக்காக மட்டும் நம் இயக்கம் நின்றுவிட்டால், நிலக் கோரிக்கையை 2,000 ரூபாய்த் தவணைக்கு விற்றவர்களாவோம். காரணையில் கேட்டது மானியம் அல்ல, நிலம். மானியப் பட்டியலில் பெயர் கேட்பதும் நிலம் கேட்பதும் இரண்டு போராட்டங்கள் அல்ல. இரண்டும் ஒரே ஏட்டைத் திறக்கச் சொல்கின்றன. முதலாவதில் வெல்லும் ஒவ்வொரு காகிதமும் இரண்டாவதற்குச் சாட்சி.

ஜான் தாமஸும் ஏழுமலையும் அந்த ஏட்டைத் திறக்கச் சொல்லித்தான் செங்கல்பட்டுக்குப் போனார்கள். கொல்லிமலையில் சாமை விதைக்கும் பெண்ணின் பெயரும், காரணையில் நிலம் இழந்த குடும்பத்தின் பெயரும், கள்ளக்குறிச்சியில் 'போலி' என்று எழுதப்பட்ட கூலிக்காரரின் பெயரும் அதில் உழவர் என்று ஏற வேண்டும். அதுவரை இந்த நினைவு நாள் முடிந்துபோன நாள் அல்ல. அடுத்த கிராம சபை நடக்கும் நாளைக் குறித்துக்கொண்டு கலைவோம்.

ஜெய்பீம்.